கரைப்பறவைகளின் கூடும் காமிராவும்

பறவைகளைப் பற்றிய கட்டுரைகள் மொழிபெயர்ப்புக்கு வரும்போது அவற்றுடன் புகைப்படங்களும் வருகின்றன. ஒவ்வொரு படத்தின் கீழும் அச்சிட வேண்டிய இரண்டு வரிகளைத் தமிழில் எழுதித் தருவதும் மொழிபெயர்ப்பாளனின் கடமையாகும். கட்டுரையில் ஆசிரியர் தம் கருத்தைத் தாமே கூறிவிடுகிறார். படமோ எதையும் கூறாமல் நிற்கிறது. அதனை நெடுநேரம் உற்றுப் பார்த்தால் அன்றி அந்த இரண்டு வரிகளை எழுத இயலாது. அவ்வாறு பல ஆண்டுகள் பார்த்ததன் பயனாக எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டாகியிருக்கிறது. ஆறுகளிலும் ஏரிகளிலும் நாள்தோறும் நடமாடும் களப்பணியாளர்கள் முன்னும், மாணவர்களை அவ்விடங்களுக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் முன்னும் அதனை வைக்க விரும்புகிறேன். தரையில் முட்டையிடும் கரைப்பறவைகளின் கூடுகளை, பறவை காணும் பயணங்களின்போது படம் பிடிக்கும் வழக்கம் நிற்க வேண்டும் என்பதே அந்த அபிப்பிராயம்.

முதலில் சொல்லைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். இப்பறவைகளுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் 'நீரில் நடப்பவை' என்று பொருள்படும். அதனை ஒலிபெயர்த்து எழுதினால் தமிழில் 'வேடர்' என்று ஆகிவிடுகிறது. வேடனுக்கு அஞ்சிப் பறக்கும் உயிருக்கு அவன் பெயரையே சூட்டுவது பொருந்தாது. அன்றியும் அப்பெயர் எல்லா நாட்டிலும் ஒரே கூட்டத்தைக் குறிப்பதில்லை. அமெரிக்கர் அதனால் கொக்கையும் நாரையையும் குறிக்கின்றனர்; பிரிட்டனில் அது ஆள்காட்டி, உள்ளான், உப்புக்கொத்தி ஆகியவற்றைக் குறிக்கிறது. நம் நாட்டு எழுத்தாளர்களோ இருவகையாகவும் எழுதுகின்றனர். இது வெறும் சொல்லாராய்ச்சி என்று வாசகர் எண்ண வேண்டாம். கொக்கும் நாரையும் மரத்தின் மீது கூடு கட்டுகின்றன. ஆள்காட்டி இனத்தவை தரையில் ஒரு சிறு குழியில், சில கூழாங்கற்களைச் சுற்றி வைத்து முட்டையிடுகின்றன. முன்னதைப் படம் பிடிப்பவர் நிற்கும் இடம் வேறு. பின்னதைப் படம் பிடிப்பவர் நிற்கும் இடம் வேறு. இக்கட்டுரையில் கரைப்பறவை என்று நான் கூறுவது இந்தப் பின்னதையே.

குளிர்காலத்தில் நம் ஏரிகளில் காணப்படும் உள்ளான்களில் பெரும்பாலானவை வடக்கிலிருந்து வந்து, வேனில் முற்றுமுன் திரும்பிவிடுபவை. அவற்றின் கூடுகளைச் சமவெளியில் எவரும் காண முடியாது. இங்கேயே தங்கி இனம் பெருக்குபவை சிலவே. செம்மூக்கு ஆள்காட்டி, மஞ்சள்மூக்கு ஆள்காட்டி, வடநாட்டு ஆறுகளில் வாழும் ஆற்று ஆள்காட்டி, நெடுங்கால் உள்ளான், பட்டாணி உப்புக்கொத்தி ஆகியவற்றை முக்கியமாகக் கூறலாம். இவை முட்டையிடும் காலம் மார்ச்சு, ஏப்ரல், மே மாதங்களும் அவற்றை அடுத்த சில மாதங்களுமாகும். அதாவது ஆண்டில் மிகக் கடுமையான வெயில் காயும் காலத்தையே இவை பெரும்பாலும் தேர்ந்துகொண்டிருக்கின்றன. ஆற்றுத் திட்டுகள் நீருக்கு மேலே தலைகாட்டுவது அப்போதுதான். மழை தொடங்கினால் திட்டும் இல்லை, கூடும் இல்லை.

இங்கேதான் விஷயத்தின் மையம் இருக்கிறது. அடைகாத்தல் என்றவுடன் முட்டைக்குச் சூடு கொடுத்தல் என்றே நாம் பொருள்கொள்ளுகிறோம். குளிர்நாட்டு நூல்களும் அவ்வாறே கற்பிக்கின்றன. கோழிமுட்டை பொரிப்பதற்குரிய வெப்பநிலை ஏறத்தாழ 37.5 டிகிரி சென்டிகிரேடு. முட்டைக்குள் வளரும் உயிர், இந்த அளவுக்குக் கீழே வெப்பம் சிறிது நேரம் குறைந்தால் பொறுத்துக்கொள்ளும். வளர்ச்சி தாமதப்படுமேயன்றி அழிந்துவிடாது. ஆனால் இந்த அளவுக்கு மேலே சில டிகிரிகள் ஏறினால் அது பிழைப்பதரிது. மே மாத நண்பகலில் வட இந்திய ஆற்று மணலின் மேற்பரப்பு 50 டிகிரிக்கு மேல் சென்றுவிடுகிறது. அந்த மணலில், நிழலின்றி, மேற்புறத்தில் கரும்புள்ளிகளோடு கிடக்கும் முட்டைக்கு வேண்டுவது சூடு அன்று, குளிர்ச்சி.

ஆகவே ஆள்காட்டி என்ன செய்கிறது? முட்டைகளின்மேல் அழுந்தி உட்காராமல் கால்களைச் சற்று நிமிர்த்தி நின்று, இறகுகளைத் தாழ்த்தி நிழல் தருகிறது. ஆணும் பெண்ணும் முறைவைத்துக் கொள்ளுகின்றன. முறை மாறும்போது ஒன்று நீர்க்கரைக்குச் சென்று, மார்பையும் வயிற்றையும் நீரில் அழுத்தி இறகுகளை நனைத்துக்கொண்டு, ஓடிவந்து முட்டைகளை ஈரமாக்குகிறது. ஈரம் ஆவியாகும்போது வெப்பம் தணிகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே தத்துவத்தினால்தான். நெடுங்கால் உள்ளானும் சிறு உப்புக்கொத்திகளும் இவ்வாறே செய்கின்றன. மக்லீன் என்ற தென்னாப்பிரிக்கப் பறவையியலார் இப்பழக்கத்தைப் பற்றிய கட்டுரை ஒன்றை 1975-ஆம் ஆண்டில் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் சஞ்சிகையில் எழுதினார். செம்மூக்கு ஆள்காட்டியின் முட்டை பொரிப்பதற்கு ஏறக்குறைய நான்கு வாரங்கள் ஆகின்றன. நான்கு வாரமும் வெயில் ஏறும் ஒவ்வொரு நாளும் இந்த வேலை நடந்தாக வேண்டும். நம் மொழியில் இதற்கு வழங்கும் சொல்லில் 'காத்தல்' என்பது இருப்பதை நினைக்கும்போது, இச்சொல்லை ஆக்கியவர்கள் பறவையை நன்கு பார்த்தவர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இனிப் படம் பிடிப்பவரின் நிலையைக் கவனிப்போம். ஓர் ஏப்ரல் மாதத்தில் தோல்பூருக்கு அருகே சம்பல் ஆற்றில் ஒன்பது பேர் கொண்ட குழுவுடன் படகில் செல்ல நேர்ந்தது. காலை பத்து மணிக்கு மேல் ஒரு மணல் திட்டில் ஆற்று ஆள்காட்டியின் கூடு கண்ணுக்குப் பட்டது. குழுவினர் பலரும் இறங்கினர். ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று நிமிடங்களே வேண்டியிருந்தன. ஆயினும் அனைவரும் எடுத்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒருவர் தாழ்ந்த கோணம் வேண்டி மணலில் நீளப் படுத்தார். அவருக்கு இடம் விட்டுப் பின்வாங்கியவர்கள் தம் காலடியில் வேறு கூடு உண்டா என்று பார்க்கவில்லை. காமிரா இல்லாத நான் படகிலேயே அமர்ந்து எதிர்ப்புறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பறவை நீர்விளிம்பில் இறங்கிற்று, வயிற்றை நனைத்தது, பத்துப் பன்னிரண்டு அடி ஓடி வந்து நின்றது, ஆட்களைக் கண்டு திரும்பிற்று. இவ்வாறு மூன்று முறை நிகழ்ந்தது. மல்லாஹ் வகுப்பைச் சேர்ந்த முதிய படகோட்டி, "ஐயா, அது தண்ணீரைச் சுமந்துகொண்டு நிற்கிறது. இவர்கள் படகில் ஏறினால்தான் அது வீட்டுக்குப் போகும்" என்றார். விஞ்ஞான நூல் எதையும் படியாதவர் அவர். நாங்கள் கரையை விட்டு விலகிய ஒரு நிமிடத்துக்குள் பறவை முட்டைகளின் மேல் நின்றது. அம்முட்டைகள் பொரிந்தனவா என்பது எங்களில் எவருக்கும் தெரியாது. இக்காரியத்தின் இயல்பே அதுதான்: படம் கையில் வருகிறது, விளைவு மணலில் தங்கிவிடுகிறது.

படம் எடுப்போரும் இதற்கு மறுப்பாகச் சில வாதங்களை வைத்திருக்கின்றனர். அவற்றை ஒதுக்கிவிடுதல் நியாயமன்று.

கூட்டுப் புகைப்படம் பறவையியலுக்குப் பெருந்தொண்டு செய்திருக்கிறது என்பது முதல் வாதம். உண்மையே. இங்கிலாந்தில் கியர்ட்டன் சகோதரர்கள் 1892-ஆம் ஆண்டில் முட்டைகளுடன் கூடிய பறவைக் கூட்டைப் படம் பிடித்தனர். 1895-இல் அத்தகைய படங்களைக் கொண்டே ஒரு நூலை வெளியிட்டனர். துப்பாக்கியும் முட்டைப் பெட்டியும் கொண்டு பறவையை ஆராய்ந்த காலத்தில், காமிரா ஒரு கருணையான கருவியாக வந்தது. இந்தியாவில் லோதர் 1949-இல் வெளியிட்ட நூலையும், சாலிம் அலியின் நண்பரான லோக் வான் தோ 1957-இல் வெளியிட்ட நூலையும் பார்த்தவர்கள் அவர்களுடைய பொறுமையை வியக்காமல் இருக்க முடியாது. அக்காலத்தவர் மறைகூடாரம் ஒன்றைத் தொலைவில் நிறுத்தி, நாளுக்குச் சிறிதாக நகர்த்தி, பறவை அதற்குப் பழகிய பின்னரே உள்ளே புகுந்தனர். நம் பயணக் குழுக்களோ காலையில் வந்து மாலையில் திரும்புகின்றன. லோதரின் பெயரைச் சொல்லி, லோதர் செய்யாததைச் செய்யலாகாது.

மேலும், இக்கூடுகளைப் பற்றி ஒரு படம் கூறக்கூடியவை அனைத்தும் மிகப் பழைய செய்திகள். எத்தனை முட்டை, என்ன நிறம், எம்மாதம் என்பவற்றை ஆலன் ஆக்டேவியன் ஹியூம் 1873-இல் வெளியிட்ட இந்தியப் பறவைகளின் கூடுகளும் முட்டைகளும் பற்றிய நூலிலேயே காணலாம். (பின்னர்க் காங்கிரசு மகாசபையைத் தோற்றுவித்தோருள் ஒருவரான அதே ஹியூம்தான்.) அவர் அவற்றை அறிந்துகொள்ள எத்தனை முட்டைகள் பெட்டிக்குள் சென்றன என்பது வேறு விஷயம். நாம் இன்று அறிய வேண்டியது, ஒரு திட்டில் உள்ள கூடுகளில் எத்தனை குஞ்சுகள் பறக்கும் பருவத்தை எட்டின என்பது. அதை ஒருநாள் படம் கூறாது. தொலைவிலிருந்து பல வாரங்கள் பார்ப்பவரே கூற முடியும்.

நீண்ட லென்ஸ் இருப்பதால் இடையூறு இல்லை என்பது இரண்டாவது வாதம். லென்ஸின் நீளம் படம் எடுப்பவருக்கு உரியது. அதனைப் பறவை அறியாது. பறவை முட்டையை விட்டு எழுந்துவிட்டதா என்பதே அளவுகோல். எழுந்துவிட்டால் 20 அடியும் அருகு, 200 அடியும் அருகு. இந்த அளவுகோலைக் கொண்டு பழைய படங்களைப் புரட்டினால் பல உண்மைகள் தெரிகின்றன. வெறும் முட்டைகள் மட்டும் உள்ள படம் என்றால் பறவை துரத்தப்பட்டிருக்கிறது. 'தாயின் சீற்றம்' என்ற குறிப்புடன் மொழிபெயர்க்க வந்த ஒரு படத்தில் பறவையின் அலகு திறந்திருந்தது. அது சீற்றம் அன்று, வெப்பத்தால் இரைத்தல். 'பறவையின் நடனம்' என்ற வேறொன்றில் உப்புக்கொத்தி ஒரு சிறகை மணலில் இழுத்துக்கொண்டிருந்தது. சிறகொடிந்ததுபோல் நடித்துப் பகைவனைக் கூட்டிலிருந்து அப்பால் இழுத்துச் செல்லும் உபாயம் அது; அப்படத்தில் பகைவன் காமிராவின் பின்னே நின்றவரே. சொல்லப்போனால் 'தாய்' என்று எழுதுவதிலும் எச்சரிக்கை தேவை. நீளவால் இலைக்கோழியில் மிதக்கும் இலைகளின் மேல் முட்டைகளைக் காப்பது தந்தைதான்.

சட்டத்தைப் பற்றியும் கூற வேண்டும். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் இரண்டாம் பிரிவில் 'வேட்டையாடுதல்' என்பதற்குத் தரப்பட்டுள்ள இலக்கணத்துள், பறவை முட்டைகளைச் சேதப்படுத்துவது மட்டுமன்றி, முட்டைகளுக்கோ கூடுகளுக்கோ இடையூறு செய்வதும் அடங்கும். களப்பணியாளருள் பலர் இதனை அறிவர். ஆசிரியருள் சிலரே அறிவர் என்று நினைக்கிறேன். இச்சட்டத்தை விளக்கும் தமிழ்த் துண்டுப் பிரசுரம் ஒன்றில் 'கூட்டைக் கலைத்தல்' என்று எழுதியிருக்கக் கண்டேன். தமிழில் கூட்டைக் கலைத்தல் என்றால் கையால் பிரித்தெறிதல் என்றே எவரும் கொள்வர். கூட்டைத் தொடாமல் அரைமணி நேரம் அருகே நின்றவர் தாம் ஏதும் கலைக்கவில்லை என்று மனமார நம்புவார். சட்டத்தின் சொல்லோ அதைவிட அகலமானது. 'இடையூறு' என்ற சொல்லே அங்கு இருக்க வேண்டும்.

மூன்றாவது வாதம் வலிமையுடையது. சம்பல் ஆற்றிலும் யமுனையிலும் மணல் திருட்டும், அணைகளிலிருந்து காலமல்லாக் காலத்தில் திறந்துவிடும் நீரும், கால்நடைகளும், நாய்களும் கூடுகளை அழிப்பதை நோக்கப் படம் பிடிப்பவரின் பங்கு எம்மாத்திரம் என்பர். சம்பல் ஆற்றின் குறுக்கே காந்தி சாகரும் கோட்டா தடுப்பணையும் 1960-ஆம் ஆண்டு முதல் இருக்கின்றன. நீர் குறைந்து திட்டும் கரையும் ஒன்றாகிவிட்டால் நாய் நடந்தே வருகிறது. அத்திட்டுகளில் ஆள்காட்டியுடன் சேர்ந்து முட்டையிடும் பஞ்சீரா என்ற பறவை, கீழலகு நீண்டு நீரைக் கிழித்துச் செல்வது, 2020-ஆம் ஆண்டில் உலக அளவில் அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் வரிசைக்கு உயர்த்தப்பட்டது. இக்கேடுகளை எல்லாம் புகைப்படக்காரர் செய்யவில்லை. ஆனால் அணையைப் பற்றி முடிவு செய்ய மூன்று மாநிலங்கள் பேச வேண்டும். மணல் திருட்டைத் தடுக்கக் காவற்படை வேண்டும். காமிராவைத் தாழ்த்துவதற்கு எவருடைய ஆணையும் வேண்டியதில்லை. அன்றியும், எஞ்சிய கூடுகள் சிலவே என்னும்போது சிறு பங்கு சிறிதாக இருப்பதில்லை. அப்பகுதியில் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் கரையோர மக்களையே கூட்டுக் காவலராக அமர்த்திப் பஞ்சீராவின் திட்டுகளைக் காத்து வருகின்றனர். காவலர் நாயை விரட்டும் திட்டில் நாம் சென்று படுத்திருப்பது எவ்வகையில் பொருந்தும்?

பஞ்சதந்திரத்தில் கடற்கரையில் முட்டையிட்ட டிட்டிபப் பறவைகளின் கதை நம் ஆசிரியர்கள் அறிந்ததே. டிட்டிபம் இந்த ஆள்காட்டியேதான். இந்தி மொழியில் இன்றும் டிட்டஹரி என்பர். அங்கே முட்டைகளைக் கவர்ந்த கடல், கருடன் முறையிட்டபின் அவற்றைத் திருப்பித் தந்தது. ஏப்ரல் வெயிலிடம் அவ்வாறு முறையிட வழியில்லை.

அப்படியானால் மாணவர்க்குக் கூட்டையே காட்டலாகாதா? காட்டலாம், மரத்தில் கூடு கட்டுபவற்றைக் காட்டலாம். தில்லித் தேசிய விலங்கியல் பூங்கா 1959-இல் திறக்கப்பட்டது. அதன் குளங்களில் உள்ள மரங்களில் 1960 முதல் சங்குவளை நாரைகள், பூங்காவுக்குச் சொந்தமல்லாத காட்டுப் பறவைகள், தாமாக வந்து கூடு கட்டத் தொடங்கின. குளத்தின் இப்பால் நிற்கும் நூறு பிள்ளைகளை அவை பொருட்படுத்துவதில்லை. பரத்பூரின் கேவலாதேவ் பூங்காவில் கூடுள்ள மரங்கள் நீருக்கு நடுவிலும், நடைபாதை கரையின் மேலும் இருக்கின்றன. வேடந்தாங்கலுக்குச் சென்ற தமிழ் ஆசிரியர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்க வேண்டியதில்லை. அங்கெல்லாம் படம் பிடிக்கட்டும். ஆனால் டிரோன் எனப்படும் பறக்கும் காமிராவை அனுப்ப வேண்டாம். அதனைப் பருந்தென்று எண்ணிப் பறவைகள் ஒருசேர எழும்.

களப்பணியாளர்க்கு உள்ள தொல்லை வேறு. கணக்கெடுப்புக்குச் சென்றதற்குச் சான்றாக ஒவ்வொரு கூட்டையும் கைபேசியில் இடக்குறிப்புடன் படம் எடுத்து அனுப்புமாறு சில மேலதிகாரிகள் கேட்பதாக அவர்கள் கூறக் கேட்டிருக்கிறேன். இதனால் காவலரே முதல் இடையூறாக ஆகிவிடுகிறார். பாதுகாக்கும் பணியின் பெயராலேயே பறவை ஒவ்வொரு முறையும் எழுப்பப்படுகிறது. இத்தகைய ஆணைகள் திருத்தப்பட வேண்டும். உட்கார்ந்திருக்கும் பறவையைத் தொலைநோக்கியால் எண்ணினால் கூட்டை எண்ணியதாகவே கொள்ளலாம். நாள், மணி, நின்ற இடம், உட்கார்ந்திருந்த பறவைகளின் தொகை ஆகிய நான்கையும் குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பம் இட்டால் அதை அலுவலகம் நம்ப வேண்டும். படகில் செல்வோர் காலை எட்டு மணிக்குள், படகைத் திட்டில் ஏற்றாமல், நீரோட்டத்தின் போக்கில் கடந்துவிடலாம்.

ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை. செம்மூக்கு ஆள்காட்டி அரிய பறவையன்று. ஊர்ப்புற வயல்களிலும், பள்ளி விளையாட்டுத் திடலின் ஓரத்திலும், சில வேளைகளில் தட்டையான மாடிக் கூரையிலும்கூட அது முட்டையிடுகிறது. ஆளைக் கண்டால் காட்டிக்கொடுக்கும் பறவை என்பதால் நம் முன்னோர் அதற்கு இப்பெயர் இட்டனர். வேட்டைக்காரர்களுக்கு அதன்மேல் வெறுப்பு இருந்ததும் இதனாலேயே. அது கத்தத் தொடங்கினால், 'நீ மிக அருகே வந்துவிட்டாய்' என்பது பொருள். மாணவர்கள் அக்குரல் அடங்கும் வரை பின்னே நடந்து, அடங்கிய இடத்தில் ஒரு கல்லை நட்டு அடையாளம் செய்யட்டும். அந்தக் கல்லுக்கு இப்பால் ஒரு மரநிழலிலோ வகுப்பறைத் தாழ்வாரத்திலோ முறைவைத்து இருவர் இருவராக அமர்ந்து, பதினொரு மணி முதல் இரண்டு மணி வரை பறவை எத்தனை முறை நீருக்குச் சென்று நனைந்து வந்தது, ஆணும் பெண்ணும் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை மாறின, மேகம் மூடியபோது அது குறைந்ததா என்று எழுதி வரட்டும். ஒரு கடிகாரமும் ஒரு நோட்டுப் புத்தகமும் இதற்குப் போதும். இருபத்தெட்டு நாள் கழித்து ஒரு காலையில் கூட்டில் எதுவும் இராது. குஞ்சுகள் பொரிந்த ஒரு நாளைக்குள் நடந்து சென்றுவிடும். அன்றும் கல்லைத் தாண்டிப் போய்த் தேட வேண்டாம். எச்சரிக்கைக் குரல் கேட்டால் அவை மண்ணோடு மண்ணாகப் படிந்து அசையாமல் கிடக்கும். கால் வைக்கும் வரை எவர் கண்ணுக்கும் புலப்படா.